நாலாயிரம் சுற்றில் பதினைந்து நிமிடம்

ரெக்ஸன் பம்பின் சுற்று எண்ணைக் குறைக்கிறான். ஐயாயிரத்து நானூறு. ஐயாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், நான் அங்கேயே கண்ணை மூடிவிடுவேனோ என்று. நாலாயிரம் வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான். "பதினொண்ணு பத்து. பதினஞ்சு நிமிஷம் அண்ணே. தல சுத்துனாலோ, கண்ணு இருட்டுனாலோ, நெஞ்சு கனத்தாலோ அப்பமே சொல்லணும். மறைக்கப்பிடாது, கேட்டியளா." நாகர்கோவில்காரன். இந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் பம்ப் வைத்துக்கொண்டு நடமாடும் பதினோரு பேருக்கும் இவன்தான் பொறுப்பு நர்ஸ். நான் தலையாட்டுகிறேன். மறைப்பதாவது. இல்லாததைச் சொல்கிறவனை என்ன செய்வாய் தம்பி, அதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். நெஞ்சில் தடவிய பசை ஜில்லென்று இருக்கிறது. டாக்டர் ஹேமலதா விலா எலும்புகளுக்கு நடுவில் எக்கோக் கருவியை வைத்து அழுத்திக்கொண்டு, எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்த திரையைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் முக்காலியில் என் மனைவி தமயந்தி. மடியில் மாற்று பேட்டரிப் பை. என் வலது மணிக்கட்டில் அவளுடைய இரண்டு விரல்கள். முகம் எனக்குத் தெரியவில்லை, விரல்கள் மட்டும்தான் தெரிகின்றன.

சத்தம் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். இரண்டு வருஷமாக என் நெஞ்சுக்குள் ஒரு முனகல், தலையணையில் காதை வைத்தால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. இதயத்தின் நுனியில் சாத்துக்குடி அளவில் உட்கார்ந்துகொண்டு, இதயம் தள்ள வேண்டிய ரத்தத்தை அந்த பம்ப் தள்ளுகிறது. வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு வயர் வெளியே வருகிறது, வயர் இடுப்புப் பெட்டிக்குப் போகிறது, பெட்டி இரண்டு பேட்டரிகளுக்கு. கொள்ளிடக் கரையில் குடிநீர் பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன் நான். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் நெஞ்சிலேயே ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார்கள் பார், ஆண்டவனுக்கு நக்கல் ஜாஸ்தி. இப்போது அந்த மோட்டார் மெதுவாகிவிட்டது. மீதி வேலையை நீ பார் என்று இதயத்திடம் விட்டிருக்கிறார்கள். பார்க்குமா? பார்த்தால் பம்பை எடுத்துவிடலாம். பார்க்காவிட்டால் பம்ப் இருக்கும், பேட்டரி இருக்கும், வயர் இருக்கும், அப்புறம் தமயந்தியும் இருப்பாள். அதுதான் விஷயம். பார் என்று வேண்டிக்கொள்வதா, பார்க்காதே என்று வேண்டிக்கொள்வதா என்றே தெரியாமல் படுத்திருக்கிறேன்.

பதினைந்து நிமிடம் என்கிற கணக்கு எனக்குப் புதிதில்லை. பம்ப் ஹவுஸில் எப்போதும் ஒரு மோட்டார் ஓடும், இன்னொன்று சும்மா நிற்கும், ஓடுகிறது படுத்தால் நிற்கிறதைப் போடுவதற்கு. சும்மா நிற்பதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஓட்டாவிட்டால் துருப்பிடித்து இறுகிப்போகும். நான் ஓட்டவில்லை. எழுதினேன். ஒன்றரை வருஷம் வாராவாரம் 'ஓட்டிப் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன், சில வாரம் வீட்டில் படுத்துக்கொண்டே. பிறகு ஒரு சித்திரை வெயிலில் பெரிய மோட்டார் புகைந்து நின்றது, மற்றதைப் போட்டால் அசையவே இல்லை. இரண்டு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஜனங்கள் காலிக் குடங்களோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கிழவர் குடத்தை மட்டும் என் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். இந்த பம்பை வைத்தபோது டாக்டர் ஹேமலதாவிடம் முதலில் கேட்டதே அதைத்தான், சும்மா நின்றால் இதயம் இறுகிப்போகாதா மேடம் என்று. அவர் சிரித்தார். "குணசீலன் சார், இது மோட்டார் இல்ல. கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போடறோம்ல, அந்த மாதிரி. வைரஸ் காய்ச்சல்ல உங்க இதயத் தசை வீங்கி நைஞ்சுபோய்க் கிடக்கு. ஓய்வு கொடுத்து, மாத்திரையும் கொடுத்தா சில பேருக்குத் திரும்ப வந்துடும். எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு." அந்தச் சில பேரில் நான் இருக்கிறேனா என்பதை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

காலிக் குடங்கள் வந்த அன்று சாயங்காலம் தமயந்தி சொன்னாள், "நீங்க எழுதுனதெல்லாம் பொய்னு எனக்குத் தெரியும். திங்கக்கெழமை பூரா வீட்லதானே கெடந்தீங்க." சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "புடிக்கலேன்னா ஒங்கண்ணன் வூட்டுக்குப் போ" என்றேன். மறுவாரம் காரைக்காலில் அவள் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா, போனாள். விழா முடிந்தும் அங்கேயே இருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவளைப் புருஷன்காரன் போய்க் கூப்பிட வேண்டும். ஒரு முழம் பூவும் ஏதாவது பலகாரமும் வாங்கிக்கொண்டு போய் நின்றால் போதும், மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் தேவையில்லை, மச்சான் காபி கொடுப்பான், அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள். ஊரில் எத்தனையோ பேர் வருஷத்துக்கு ஒரு தரம் போய்க் கூப்பிட்டு வருகிறார்கள், அதை ஒரு கோடை விடுமுறை மாதிரி வைத்திருக்கிறார்கள். நான் போகவில்லை. தானாகப் போனவள் தானாக வரட்டும் என்று முதல் வருஷம். இத்தனை நாள் கழித்து எந்த மூஞ்சியோடு போவது என்று இரண்டாவது வருஷம். பிறகு வருஷங்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. பிள்ளை இல்லை, இடையில் போய்வர ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு தடவை போனேன். நாலாவது வருஷம், ஐப்பசி மழையில், ஒரு முழம் முல்லையும் அரைக்கிலோ பூந்தியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, பொறையாறு வரை போய்விட்டேன். அங்கிருந்து காரைக்கால் அரைமணி நேரம்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர், மச்சான் தெருவில் எங்கோ பார்த்த முகம், என்னையே உற்றுப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்து வந்தது ஊர் திரும்புகிற பஸ், அதில் ஏறிவிட்டேன். பூந்தியை வழி நெடுக நானே தின்றேன். முல்லையை என்ன செய்தேன் என்று நினைவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா இது.

"அஞ்சு நிமிஷம்" என்கிறான் ரெக்ஸன். "தல சுத்துதா அண்ணே?" "இல்ல." "மூச்சு?" "நல்லா இருக்கு." நல்லாத்தான் இருக்கிறது, அதுதான் வம்பு. காதுக்குள் ஏதோ ஒன்று தட்டுகிறது. முதலில் பக்கத்து அறையில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆணி இல்லை, நான்தான். இரண்டு வருஷமாக வெறும் முனகலாக இருந்தவன் இப்போது தட்டுகிறேன். டாக்டர் திரையைப் பார்த்தபடியே "ம்" என்கிறார். அது நல்ல 'ம்' என்பது குரலிலேயே தெரிகிறது. தமயந்தியின் விரல்கள் அசையவில்லை. பம்ப் வைத்த புதிதில் முதன்முதலாக என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள், நாடியே இல்லையே என்று. ரெக்ஸன்தான் உட்கார வைத்துச் சொன்னான், "பம்பு நிக்காம ஒரே சீரா தள்ளுது அக்கா, அதனால துடிப்பு தெரியாது, பயப்படப்பிடாது." அன்றிலிருந்து தினமும் காலையில் பேட்டரி மாற்றும்போது இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஒரு நாளில் அவள் என்னைத் தொடுகிற இரண்டு நேரத்தில் அது ஒன்று. இன்னொன்று வயிற்றில் வயர் வெளியே வருகிற இடத்தைத் துடைத்துக் கட்டுப்போடும்போது, அப்போது கையுறை போட்டிருப்பாள்.

அவள் வந்ததே ஒரு விதியினால். பம்ப் வைத்தவன் தனியாக இருக்கக் கூடாது, கூடவே குடியிருக்கிறேன் என்று ஓர் ஆள் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன். நான் அவசரப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தேன். அக்கா மகன் யாரையெல்லாமோ கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் காரைக்காலுக்கு போன் போட்டிருக்கிறான். ஏழு வருஷம் கழித்து, நான் கூப்பிடாமல், ஒரு நீல சூட்கேஸோடு வந்து கையெழுத்துப் போட்டாள். கண் விழித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது, வாயில் குழாய் இருந்தது. குழாயை எடுத்த பிறகும் சொல்லவில்லை, அதற்கு எந்தக் குழாயையும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்தோம். அங்கே ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. பாதியில் என் சட்டைகள், மீதிப் பாதி காலி. அவள் புடவைகள் எல்லாம் இன்னமும் அந்த நீல சூட்கேஸில்தான், கட்டிலுக்கு அடியில். துவைத்து, மடித்து, திரும்ப அதிலேயே வைத்துப் பூட்டுகிறாள். நாங்கள் பேசுவது பேட்டரியைப் பற்றி. "எத்தன கட்டை சார்ஜ் இருக்கு?" "மூணு." "ராத்திரிக்கு கரண்ட் வயர்ல மாட்டியாச்சா?" "மாட்டியாச்சு." கரண்ட் போனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து உட்காருவோம், அந்த ஒரு நிமிடம் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கும். மற்றபடி ஒரே வீட்டில் தனித்தனியாகத்தான் இருக்கிறோம். தனியாக இருந்த ஏழு வருஷத்தில் இல்லாத தனிமை இது. அப்போது வீட்டில் யாருமில்லை, பேசாமல் இருந்தேன். இப்போது ஆள் இருக்கிறது, சமையல் வாசம் வருகிறது, இருமல் கேட்கிறது. வாய் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே அறை, இதே பசை, இதே முக்காலி. அன்றும் எண்ணைக் குறைத்தார்கள். அன்று மூன்றாவது நிமிடத்தில் நான் சொன்னேன், "தல சுத்துது." சுத்தவே இல்லை. மேலே ஏசியின் கம்பிக் கட்டத்தில் ஒரு கறுப்பு நூல் ஆடிக்கொண்டிருந்தது, அதை நிதானமாகப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் அந்தச் சூட்கேஸை வெளியே இழுத்துத் தூசி துடைத்ததைப் பார்த்திருந்தேன். இதயம் சரியாகிவிட்டால் கையெழுத்து முடிந்தது, பம்பை எடுத்துவிட்டால் கூட இருக்க ஆள் வேண்டாம். ரெக்ஸன் பதறிப்போய் வேகத்தை ஏற்றினான், டாக்டர் கருவியை எடுத்துவிட்டார். "பரவால்ல, அவசரம் வேணாம். ஆறு மாசம் போகட்டும்." லாக் புத்தகத்தில் எழுதுவது மாதிரியே இருந்தது, அவ்வளவு சுலபம். நெஞ்சைக் கீறி வைத்த ஒரு பொருளை இன்னும் ஆறு மாதம் சுமக்க நானே ஏற்பாடு செய்துகொண்டேன். உலகத்தில் எந்த நோயாளியாவது இப்படிச் செய்வானா. திரும்பும்போது தமயந்தி ஆட்டோவை வழியில் பாத்திரக் கடையில் நிறுத்தச் சொன்னாள், இறங்கிப் போய் ஒரு இரும்புத் தோசைக்கல் வாங்கிவந்தாள். வீட்டில் இருந்த கல்லில் தோசை ஒட்டுகிறது, அதனால் என்று நினைத்தேன். ஒரு வாரம் அதைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைப்பதும் வெங்காயத்தால் தேய்ப்பதுமாகப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம். தல சுத்துதா அண்ணே?" இல்ல என்று சொல்ல ஒரு விநாடி தாமதித்தேன், ரெக்ஸன் உடனே குனிந்து முகத்தைப் பார்க்கிறான். "இல்ல தம்பி." இன்னும் ஐந்து நிமிடம். காதில் தட்டுவது பலமாகிவிட்டது, தொண்டையில்கூடத் தட்டுகிறது, ஒளித்துவைக்க முடியாத சத்தம் மாதிரி இருக்கிறது. இந்தத் தடவை தேறிவிட்டால் அப்புறம் ஆபரேஷன், பம்பை எடுத்துவிடுவார்கள், முனகல் நின்றுவிடும். காலையில் பேட்டரி இல்லை, கட்டு இல்லை, மணிக்கட்டில் விரல் இல்லை. பீரோவில் பாதி காலி. ஆறிப்போன தழும்பைத் தடவிக்கொண்டு நல்ல இதயத்தோடு அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? நல்ல இதயத்தை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் என்ன கிழித்தேன்? பொறையாறு வரை போனேன். பயமாக இருக்கிறது. சாவதற்குப் பயந்ததைவிட இதற்குப் பயமாக இருக்கிறது, யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். டாக்டர் சொல்கிறார், "ரொம்ப நல்லா சுருங்குது. வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் திறக்குது பாருங்க, ரெக்ஸன்." மாவுக்கட்டு பிரிக்கிற நேரம் வந்துவிட்டது. ஒரே வார்த்தைதான். சுத்துது. இரண்டு நொடியில் முடிந்துவிடும், வேகத்தை ஏற்றிவிடுவார்கள், இன்னும் ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஒரு நாளாவது எதையாவது பேசிவிட மாட்டேனா. மாட்டேன், அது எனக்கே தெரியும், இருந்தாலும் ஆறு மாதம். நூற்றெண்பது காலை. நூற்றெண்பது தடவை இரண்டு விரல்.

"தம்பி" என்று கூப்பிட்டுவிட்டேன். ரெக்ஸன் திரும்புகிறான், அவன் கை பெட்டிக்குப் போய்விட்டது. "என்ன அண்ணே, சுத்துதா?" வாய் திறந்திருக்கிறது. அப்போது மணிக்கட்டில் அந்த இரண்டு விரல்களும் அழுத்துகின்றன. தமயந்தி என் காதருகே குனிந்திருக்கிறாள், தேங்காய் எண்ணெய் வாசம் வருகிறது. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்கிறாள், "போன தடவயும் இப்படித்தான் அடிச்சுது." அவ்வளவுதான். மறுபடி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அப்படியே கிடக்கிறேன். போன தடவையும். அப்படியென்றால் அன்றைக்கே தெரியும். நான் சுத்துது என்று சொன்னபோது இவள் விரலுக்கு அடியில் நாடி சரியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எக்கோக் கருவியை எடுத்த அந்த அவசரத்தில் டாக்டருக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்டோவை நிறுத்தித் தோசைக்கல் வாங்கினாள். போகப்போகிறவள் யாராவது இரும்புக் கல் வாங்கி ஒரு வாரம் பழக்குவாளா, முட்டாளே. "அண்ணே, சொல்லுங்க, சுத்துதா?" "இல்ல தம்பி" என்கிறேன். "சுத்தல. கண்ணுல பச தெறிச்சிருச்சு, தொடைக்க ஏதாவது குடு." நெஞ்சில் தடவிய பசை கண்ணுக்கு எப்படி வரும் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

பதினொன்று இருபத்தைந்து. "இனி ஆறு நிமிஷம் நடக்கணும், இதே ஸ்பீடுல" என்கிறான். வராந்தாவில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. அவன் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்கிறான். என் இரண்டு பக்கமும் பேட்டரி தொங்குகிறது, தமயந்தி மாற்றுப் பையை மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிறாள். கால் லேசாக இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் ஒரு தட்டு, என்னுடைய தட்டு. மூன்றாவது சுற்றில், ரெக்ஸனுக்கு முதுகைக் காட்டித் திரும்பியதும், அவளைப் பார்க்காமல் கேட்கிறேன், "இத எடுத்துட்டா காரைக்காலுக்குப் போயிருவியா?" அவளும் என்னைப் பார்க்கவில்லை. நாலு எட்டு நடந்த பிறகு, "போவேன்" என்கிறாள். தட்டு ஒன்று தவறியது மாதிரி இருக்கிறது, ஆனால் தவறவில்லை, அடுத்தது வந்துவிட்டது. வராந்தாக் கோடி நாற்காலியைச் சுற்றித் திரும்புகிறோம். "போனாத்தானே நீங்க வந்து கூப்புட முடியும்" என்கிறாள். பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு எட்டு நடந்து, முன்னால் பார்த்தபடியே சொல்கிறாள், "இந்தத் தடவ பொறையாறோட திரும்பிடாதீங்க."